வகுப்பில் ஆங்கிலம், வாசலில் ஜெர்மன்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளை முதல் மாதத்தில் கவிழ்ப்பது இலக்கணம் அல்ல, கடிகாரம். ‘ஹால்ப் ட்ரை’ என்று ஒருவர் சொன்னால் காதில் ‘அரை’யும் ‘மூன்றும்’ விழுகின்றன. மூன்றரை என்று நினைத்துப் போய் நின்றால், கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அது இரண்டரை மணி. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. டிரெஸ்டன் பக்கம் போனால் ‘ஃபியர்ட்டல் ட்ரை’ என்பார்கள், அது இரண்டேகால். எண்களிலும் இதே கூத்துதான். இருபத்தொன்றை ‘ஒன்றும் இருபதும்’ என்று புரட்டிச் சொல்வார்கள். 1.000 என்று எழுதியிருந்தால் ஆயிரம், 1,5 என்றால் ஒன்றரை. கையால் எழுதும் 1-க்கு முன்னால் நீளமாக ஒரு கொம்பு வைப்பதால் அது நம் கண்ணுக்கு 7 மாதிரி தெரியும். பொருளாதாரம் படிக்கப் போனவர் ‘பில்லியோன்’ என்பதை நூறு கோடி என்று எடுத்துக்கொண்டால் ஆயிரம் மடங்கு பிசகிவிடும். ஜெர்மனில் அது லட்சம் கோடி.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இல்லாத ரகசியம் இல்லை. ஆரம்ப வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். ஆனாலும் அவசரத்தில் காது பழைய பழக்கத்துக்கே ஓடிவிடும். அந்நிய மொழியில் படிப்பதன் தொல்லைகளில் பாதி இந்த ரகம்தான். தெரியாததால் வருவதைவிட, தெரிந்தது உரிய நொடியில் கைகொடுக்காமல் போவதால் வருவது அதிகம்.

ஜெர்மனியைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. 2022-23 குளிர்காலப் பருவத்தில், அந்நாட்டு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கும் வெளிநாட்டவரில் இந்தியர்கள் சீனர்களை முந்தி முதலிடத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே எண்ணிக்கை 49,000-ஐத் தாண்டியது. ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதில் மர்மம் இல்லை: அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து கட்டணம் வைத்துவிட்டது. மற்றபடி செலவு என்றால் சாப்பாடு, வாடகை, காப்பீடு. அதற்கான பணம் இருக்கிறது என்று காட்ட, மாணவர்கள் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்று சொல்லும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும் (2024 செப்டம்பரில் வந்த தொகை இது). மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் முதுநிலைப் படிப்புக்கு, அதிலும் பொறியியலுக்கும் கணினிக்கும் போகிறார்கள். அங்கே ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் ஏராளம். “எல்லாம் இங்கிலீஷ்தான், கவலையே இல்லை” என்று கல்வி ஆலோசகர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அந்த வாக்கியத்தில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதிக்குப் பின்னால் வருவோம்.

இளநிலைப் படிப்பு வேறு கதை. பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கிறது. அரசுப் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பும் அப்படியே. மொழித் தகுதியை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் படிப்பவர்கள் “பி1 முடிச்சாச்சு, பி2 போயிட்டிருக்கு” என்று பேசிக்கொள்வது இந்தப் படிகளைத்தான். பல்கலைக்கழகம் பொதுவாகக் கேட்பது ஐந்தாவது படியான சி1 அளவு. அதைக் காட்ட டெஸ்ட்டாஃப் என்ற தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கிலும் நான்காம் நிலை எடுக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழகமே வைக்கும் டிஎஸ்ஹெச் தேர்வில் இரண்டாம் நிலை. பிளஸ் டூ சான்றிதழ் நேரடிச் சேர்க்கைக்குப் போதாதவர்கள் ‘ஷ்டூடியன்கொலெக்’ என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர வேண்டும். பொறியியலுக்குப் போகிறவருக்கு ஒரு பிரிவு, மருத்துவத்துக்கு ஒரு பிரிவு என்று அதிலேயே பாடத்தோடு சேர்த்து மொழியைப் புகட்டுகிறார்கள். ஓர் ஆண்டு வீண் என்று பெற்றோர் அங்கலாய்ப்பார்கள். அந்த ஓர் ஆண்டில் கிடைப்பது, நேரடியாகப் போகிறவருக்கு வகுப்பறையிலேயே தடுக்கி விழுந்துதான் கிடைக்கும்.

இங்கே தமிழருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. யாரும் அதைப் பயன்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை. ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலேயர்கள் இதைச் சொல்லிக் காலங்காலமாகப் புலம்பியிருக்கிறார்கள். “நேற்று மழை பெய்ததால் வகுப்புக்கு வர முடியவில்லை என்று அவள் சொன்னாள்” என்று வினைக்காக வாக்கியத்தின் கடைசி வரை காத்திருந்தே வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன பயம்? ஆனால் நம் ஊரில் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறோம். மனம் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வருகிறது. ஆங்கிலேயருக்கு இருக்கும் சிரமத்தையும் கூடவே இறக்குமதி செய்துகொள்கிறோம்.

சி1 சான்றிதழோடு முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவருக்கு ஏன் பாதி புரிவதில்லை? மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். கடைத்தெருவில், விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஒன்று. பாடத்தில் வாதிக்க, வரையறுக்க, காரணம் சொல்லப் பயன்படும் மொழி இன்னொன்று. கனடாவுக்குக் குடிபெயர்ந்த குழந்தைகளைப் பார்த்து அவர் சொன்னது: முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், இரண்டாவது வகுப்புத் தோழர்களுக்கு இணையாக வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போகும் இருபது வயதுக்காரரின் நிலை அப்படியே இது இல்லை. அவர் பாடத்தை ஏற்கெனவே ஒரு மொழியில் அறிந்தவர். சில சமயம் தெருமொழியைவிடப் பாடமொழியே அவருக்கு முதலில் வசப்படும். வெப்ப இயக்கவியல் சமன்பாட்டை ஜெர்மனில் விளக்கிவிடும் பிள்ளை, சிகை திருத்தும் கடையில் “ஓரத்தில் மட்டும் குறையுங்கள்” என்று சொல்லத் தெரியாமல் மொட்டையோடு திரும்புவது நடக்கிற காரியம். அதற்கு மேல் வட்டார வழக்குகள்: பவேரியா ஒரு மாதிரி, ஸ்வாபியா ஒரு மாதிரி, சாக்சனி ஒரு மாதிரி. சென்னை மொழிக்கூடத்தில் ஒலிநாடாவில் கேட்ட சுத்தமான உச்சரிப்பை, நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவ மாணவர் எதிர்பார்க்க முடியாது.

வகுப்பில் மிகக் கடினமான வேலை எது என்று கேட்டால் பலரும் பேசுவது என்பார்கள். உண்மையில் குறிப்பெடுப்பதுதான். தாய்மொழியில் கேட்கும்போது ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்க முடியும். அந்நிய மொழியில் கேட்பதற்கே மூளை முழுக்கச் செலவாகிவிடுகிறது. பேனாவை எடுத்தால் காது மூடிக்கொள்கிறது.

இதற்கு நவீன சீன இலக்கியத்தின் தலைமகன் லூ சுன்னை விடச் சிறந்த சாட்சி இல்லை. 1902-இல் ஜப்பானுக்குப் போன அவர், டோக்கியோவில் இரண்டு ஆண்டு ஜப்பானிய மொழி படித்துவிட்டு, 1904-இல் வடக்கே செண்டாய் நகரத்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடற்கூறியல் நடத்திய ஃபுஜினோ கென்குரோ ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, குறிப்பெடுக்க முடிகிறதா என்று விசாரித்து நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வந்த நோட்டைப் பார்த்த மாணவர் ஆடிப்போனார். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை சிவப்பு மை. விட்டுப்போன பகுதிகளைச் சேர்த்ததோடு நிற்காமல், இலக்கணப் பிழைகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தார் ஆசிரியர். வாரந்தோறும் இது தொடர்ந்தது. அடுத்து நடந்தது அவ்வளவு இனிமையானது அல்ல. சீன மாணவன் தேர்ச்சி பெற்றதும், ஆசிரியர் நோட்டில் கேள்விகளைக் குறித்துக் கொடுத்துவிட்டார் என்று சக மாணவர்கள் சிலர் சந்தேகப்பட்டு மொட்டைக் கடிதம் எழுதினார்கள். அவர் பெற்றதோ வகுப்பில் நடுவாந்திரமான இடம். 1906-இல் லூ சுன் மருத்துவத்தை விட்டுவிட்டு எழுத்துக்குப் போனார். இருபது ஆண்டு கழித்து அந்த ஆசிரியரைப் பற்றி எழுதிய கட்டுரை சீனப் பள்ளிகளில் பாடமாயிற்று. திருத்தப்பட்ட நோட்டுகள் பெய்ஜிங்கில் பாதுகாக்கப்படுகின்றன.

ஃபுஜினோக்கள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. முந்நூறு பேர் உட்காரும் ஜெர்மன் விரிவுரை அரங்கில் பேராசிரியர் யார் நோட்டையும் கேட்கமாட்டார். வகுப்பு பத்து மணி என்று போட்டு அருகே ‘சி.டி.’ என்றிருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், ‘எஸ்.டி.’ என்றிருந்தால் பத்துக்கே. முடிந்ததும் மாணவர்கள் கைதட்டமாட்டார்கள், விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். விரிவுரைகளுக்குப் பெரும்பாலும் வருகைப் பதிவு இல்லை. 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கு ஓடி ஓடிப் பழகிய பிள்ளைக்கு இது சொர்க்கம் மாதிரி இருக்கும், தேர்வு வரும் வரை.

அப்புறம்தான் தெரியும், பல பாடங்களில் இன்டர்னல் மார்க் என்ற கைத்தாங்கலே கிடையாது. பருவக் கடைசியில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண். அந்தத் தேர்வுக்கும் மாணவர் தானே இணையத்தில் பெயர் பதிய வேண்டும். கடைசித் தேதி போய்விட்டால் போனதுதான். கல்லூரி அலுவலகத்தில் ஃபைன் கட்டிச் சரிசெய்யும் வழக்கம் அங்கே செல்லாது. மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 மிகச் சிறப்பு, 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 என்றால் தோல்வி. “ஒன்றரை வாங்கியிருக்கேம்மா” என்று போனில் குதூகலிக்கும் பிள்ளைக்கு ஊரில் என்ன பதில் கிடைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி அரியர். நம் பொறியியல் கல்லூரிகளில் அரியர் என்பது ஒரு வாழ்க்கை முறை. அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் தத்துவம். ஜெர்மனியில் ஒரு தேர்வுக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பில் நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் சேரவும் வழி அடைபடும். மாணவர் விசா படிப்பைப் பிடித்துத் தொங்குவதால், அடுத்த கவலை அங்கே ஆரம்பிக்கிறது. கேள்வி அமைப்பும் வேறு. பதினாறு மார்க் விடையை மனப்பாடமாக எழுதி, கடினமான பகுதியைச் சாய்ஸில் விட்டுத் தப்பித்த அனுபவம் இங்கே உதவாது. வாய்மொழித் தேர்வென்றால் இன்னும் நெருக்கம்: எதிரே பேராசிரியர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர், அரை மணி நேரம் கேள்விக்கு மேல் கேள்வி. விவரம் அறிந்த மூத்த மாணவர்கள் புதியவர்களிடம் முதலில் சொல்வது, துறையின் மாணவர் மன்றத்துக்குப் போய்ப் பழைய வினாத்தாள்களைக் கேள் என்பதைத்தான். அது திருட்டுத்தனம் இல்லை, அங்கே சகஜமான ஏற்பாடு.

செமினார் வகுப்புகளில் வேறொரு மௌனம் காத்திருக்கிறது. அங்கே ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால்தான் தயாராகாமல் வந்ததாக எண்ணுவார்கள். நம் பிள்ளைகளின் வாயைக் கட்டுவது மொழி மட்டும்தானா, அல்லது பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் பழக்கமா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆங்கிலவழி செமினாரிலும் அவர்களில் பலர் பேசுவதில்லை என்பதை வைத்துப் பார்த்தால், மொழியின் மேல் போடும் பழியில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம்.

நூறாண்டுக்கு முன்னால் போன இந்தியர்கள் இந்தத் தயக்கத்தை எப்படித் தாண்டினார்கள் என்பது சுவையான கதை. ராம் மனோகர் லோகியா 1929-இல் பெர்லினுக்குப் போனார். பேராசிரியர் வெர்னர் ஸோம்பார்ட்டிடம் ஆங்கிலத்தில் பேச, அவர் தமக்கு ஆங்கிலம் வராது என்று சொல்ல, மூன்று மாதத்தில் ஜெர்மன் கற்றுக்கொண்டு திரும்பி வந்து நின்றார் லோகியா என்பது பலரும் சொல்லும் கதை. மூன்று மாதம் என்பதில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். உப்பு வரியையும் உப்புச் சத்தியாகிரகத்தையும் பற்றி அங்கே ஆய்வு செய்து 1933-இல் முனைவர் பட்டத்தோடு ஊர் திரும்பினார் என்பதில் மசாலா இல்லை. அதே காலத்தில் பெர்லினில் இருந்த மானுடவியலாளர் இராவதி கார்வேயின் காரியம் இன்னும் துணிச்சலானது. ஐரோப்பிய இனத்தவரின் மண்டையோட்டு அமைப்பு மற்றவருடையதிலிருந்து மாறுபடும் என்ற கருத்தைச் சோதிக்கும் பணியை அவருக்குக் கொடுத்தவர், பின்னாளில் நாஜிகளின் இனக்கொள்கைக்குத் துணைநின்ற ஓய்கன் ஃபிஷர். மண்டையோடுகளை அளந்து பார்த்த கார்வே, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று வழிகாட்டியின் கருத்துக்கு எதிராக ஆய்வேட்டை எழுதினார், அதுவும் ஜெர்மன் மொழியில்.

அன்று அவர்களுக்கு வேறு வழி இல்லை. மொழிக்குள் குதித்தாக வேண்டும். இன்று வழி இருக்கிறது, அதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்கு வருமுன், போய் இறங்கியவரின் மனநிலையைப் பார்ப்போம். வெளிநாட்டில் மனம் பொருந்திப்போவது பற்றி 1955-இல் ஸ்வெர்ரே லீஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்கா போன சுமார் 200 நார்வேக்காரர்களிடம் கேட்டதில், ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாக இருந்தார்கள், இடைப்பட்டவர்கள்தான் துவண்டிருந்தார்கள். முதலில் உற்சாகம், பிறகு பள்ளம், பிறகு மேடு என்ற படம் அன்றிலிருந்து எல்லாக் கையேடுகளிலும் இடம்பிடித்தது. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை ஆராய்ந்த காலீன் வார்டு குழுவினர் 1998-இல் அதைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். அவர்கள் கண்டதில் ஆரம்ப உற்சாகமே இல்லை. வந்து இறங்கிய நேரம்தான் மிகக் கடினமான நேரம். அக்டோபரில் வகுப்பு தொடங்கி, நவம்பரில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் ஊரில் வாடகை அறை தேடி அலைந்தவர்களைக் கேட்டால் வார்டு பக்கம்தான் கை தூக்குவார்கள்.

அந்த நேரத்தில் தாங்கிப் பிடிப்பது விடுதிச் சமையலறையும் ஊர்க்காரர் வாட்ஸ்அப் குழுவும். அரிசி எங்கே மலிவு, எந்த அலுவலகத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கும், பழைய சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்று அதில் கிடைக்காத தகவல் இல்லை. ஈழத்தமிழர் நிறைய வாழும் நாடு என்பதால் கறிவேப்பிலைக்கும் பஞ்சமில்லை. ஹம் நகரத்தில் கோபுரத்தோடு காமாட்சி அம்மன் கோயிலே இருக்கிறது. இது ஆறுதல், தேவையான ஆறுதல். ஆனால் வகுப்பில் ஆங்கிலம், அறையில் தமிழ் என்று ஓடினால் ஜெர்மனுக்கு நாளில் எந்த நேரமும் மிஞ்சாது. இரண்டு ஆண்டு பெர்லினில் இருந்துவிட்டு ரொட்டிக்கடையில் விரலால் சுட்டிக்காட்டி வாங்குகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

ஆலோசகர் சொன்ன ‘கவலையே இல்லை’ இங்கேதான் வந்து நிற்கிறது. ஆங்கிலவழிப் படிப்பு மொழிப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, தள்ளிவைக்கிறது. வந்த சில வாரங்களில் தபால்பெட்டியில் ஒரு கடிதம் விழும்: வானொலி, தொலைக்காட்சிக்காக வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டு என்று. வீட்டில் டிவியே இல்லையே, மோசடிக் கடிதமாக இருக்கும் என்று கிழித்துப் போடுவார்கள். அது சட்டப்படியான கட்டணம். கட்டாவிட்டால் அபராதத்தோடு மறுபடி வரும். குடியிருப்பு அனுமதி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஜெர்மனில்தான். 2024 மார்ச் முதல் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். ஆனால் படிப்புக்குத் தொடர்பான பகுதிநேர வேலை விளம்பரங்களில் கணிசமானவை நல்ல ஜெர்மன் கேட்கின்றன. கேட்காத நிறுவனத்திலும் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும், மதியச் சாப்பாடு ஜெர்மனில் நடக்கும். யாரை எந்தத் திட்டத்தில் போடுவது என்பது பல சமயம் சாப்பாட்டு மேஜையில்தான் முடிவாகிறது.

பொறியியலில் முதல் நாள் ஆங்கிலத்தைக் கேட்டுத் திகைத்து, அகராதியோடு போராடி மேலே வந்த தமிழ்வழி மாணவர்கள் இந்த இடத்தில் மற்றவர்களைவிடத் தயங்காமல் இறங்கக்கூடும் என்று தோன்றுகிறது. புரியாத மொழியில் முட்டாளாகத் தெரிவதை அவர்கள் ஒரு முறை அனுபவித்து, அதிலிருந்து மீண்டு வந்தவர்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவருக்கு அந்த அனுபவம் இருபத்திரண்டு வயதில்தான் முதல் முறை வருகிறது.

பல்கலைக்கழகங்கள் மொழி வகுப்புகளை இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ நடத்துகின்றன. ‘டாண்டம்’ என்ற ஏற்பாட்டில் தமிழோ இந்தியோ ஆங்கிலமோ கற்க விரும்பும் ஜெர்மானியரோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் உன் மொழி, ஒரு மணி நேரம் என் மொழி. முதல் பருவத்தில் அந்த வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. தேர்வுகள் நெருங்க நெருங்கக் கூட்டம் மெலிந்து, இரண்டாம் பருவத்தில் ஓரிருவர்தான் மிஞ்சுவது வழக்கம். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அவகாசம் கிடைக்கிறது. ஜெர்மன் பட்டதாரி இரண்டு ஆண்டு தகுதிக்கேற்ற வேலை பார்த்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான நிபந்தனைகளில் ஒன்று பி1 சான்றிதழ். சென்னையில் விமானம் ஏறுமுன் ஆறு மாதத்தில் முடித்திருக்கக்கூடிய அதே பி1-க்காக, வேலை முடிந்த களைப்போடு முப்பதை நெருங்கும் மென்பொருள் பொறியாளர்கள் நகராட்சி மாலை வகுப்புகளில் வந்து உட்கார்ந்து, ‘ஹால்ப் ட்ரை’ எத்தனை மணி என்று எழுதிப் பழகுகிறார்கள்.